செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே ஒரு வாமடை

கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் எல்லா வயலும் கால்வாயைத் தொட்டுக்கொண்டு இருப்பதில்லை. சேரன்மகாதேவிப் பக்கம் வயலில் இறங்கிப் பார்த்தால் தெரியும். மேல்வயல் நிறைந்து, வரப்பில் வெட்டிய வாமடை வழியாகத்தான் கீழ்வயலுக்குத் தண்ணீர் இறங்கும். தண்ணீரோடு மேல்வயலில் வீசிய யூரியாவும் கரைந்து வரும். நடவுக்கு வைத்திருக்கும் நாற்றுமுடி வராது. இரண்டு மண்வெட்டி மண் வைத்தால் வாமடை அடைபடும். நண்டு வளை போட்டுக் கீழ்வயலின் வெளிவரப்பு உடைந்துபோனால், மேல்வயல்காரர் முதலில் ஓடுவது நடுவிலுள்ள வாமடையை அடைக்கத்தான். இல்லாவிட்டால் அவர் தண்ணீரும் சேர்ந்து வடிந்துவிடும்.

நம் உடலில் அடுத்தடுத்து இருக்கும் செல்களுக்கு நடுவிலும் இப்படி வாமடைகள் உண்டு. பாடப்புத்தகத் தமிழில் அவற்றுக்கு ‘இடைவெளி இணைப்புகள்’ என்று பெயர். உவமை ஓரிடத்தில் இடறும்: வயலில் தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு மட்டுமே போகும். செல்களுக்கு நடுவே இரண்டு பக்கமும் போகலாம். எந்தப் பக்கம் செறிவு அதிகமோ, எந்தப் பக்கம் மின்னழுத்தம் அதிகமோ, அதைப் பொறுத்தது. மற்றபடி சின்னது போகும், பெரிது போகாது, ஆபத்து என்றால் அடைபடும் என்ற மூன்றும் அப்படியே பொருந்தும். பள்ளிப் பாடம் முதல் இரண்டைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது. இந்த அமைப்பின் அருமை மூன்றாவதில்தான் இருக்கிறது.

ஹார்மோன், தபாலில் போடுகிற கடிதம் மாதிரி. இரத்தத்தில் கலந்து ஊரெல்லாம் சுற்றி, முகவரி உள்ள செல்லில் மட்டும் படிக்கப்படும். நரம்புச் சந்தியில் ஒரு செல் வேதிப்பொருளைக் கொட்ட, எதிர்ச்செல் அதை ஏற்பியால் பிடித்துக்கொள்ளும். இரண்டிலும் செய்தி செல்லை விட்டு வெளியே வந்துதான் அடுத்த செல்லுக்குப் போகிறது. இடைவெளி இணைப்பில் வெளியே வருவதே இல்லை. ஒரு செல்லின் உட்குழம்பு நேராக அடுத்த செல்லின் உட்குழம்பைத் தொடுகிறது.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. ‘இடைவெளி’ என்றதும் ஏதோ அகலமான சந்து என்று தோன்றும். உண்மை நேர்மாறு. சாதாரணமாக அண்டைச் செல்களின் சவ்வுகளுக்கு நடுவே 20 நானோமீட்டர் அளவுக்கு இடம் இருக்கும். இந்த இணைப்பு உள்ள இடத்தில் மட்டும் அது 2 முதல் 4 நானோமீட்டராகச் சுருங்கும். பழைய எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களில் இரண்டு சவ்வும் ஒட்டிப்போய்விட்டது போலத்தான் தெரிந்தது. 1967இல் ரெவெல், கர்னோவ்ஸ்கி இருவரும் லாந்தனம் என்ற உலோகத்தின் உப்பை எலியின் இதயத்திலும் ஈரலிலும் ஊறவிட்டுப் பார்த்தபோது, அது ஒட்டியதாக நினைத்த இடத்துக்குள்ளும் புகுந்தது. ஒட்டவில்லை, மெல்லிய சந்து இருக்கிறது என்று அப்போது தெளிவானது. கூடவே அந்தச் சந்தில் தேன்கூட்டு அறைகள் போல அறுகோண வரிசையில் ஏதோ நெருக்கமாக அடுக்கியிருப்பதும் தெரிந்தது. பெயர் அந்தச் சந்துக்கு வைத்தது. வேலை செய்வதோ அடுக்கியிருந்த அந்தப் பொருள்கள்.

அவைதான் குழாய்கள். ஒவ்வொன்றும் கனெக்சின் என்ற புரதத்தால் ஆனது. கனெக்சின் இழை சவ்வை நான்கு முறை குறுக்கே தைத்துப் போகும். இரண்டு முனையும் செல்லுக்குள்ளேயே இருக்கும், வெளியே இரண்டு வளையம் நீட்டிக்கொண்டிருக்கும். இப்படி ஆறு கனெக்சின்கள் பீப்பாயின் பலகைகள் போல வட்டமாகச் சேர்ந்தால் ஒரு கனெக்சான், அதாவது அரைக்குழாய். இந்தச் செல் தன் பக்கத்து அரைக்குழாயைக் கொடுக்கும், எதிர்ச்செல் தன் பக்கத்தைக் கொடுக்கும். வெளியே நீட்டிய வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்று பொருந்திப் பூட்டிக்கொண்டால் முழுக்குழாய். மொத்தம் பன்னிரண்டு புரதம், நீளம் சுமார் 15 நானோமீட்டர். 2009இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கனெக்சின் 26 குழாயின் படிக அமைப்பை வெளியிட்டபோது உள்துளையின் ஒடுங்கிய இடம் 1.4 நானோமீட்டர் என்று தெரிந்தது.

‘26’ என்பது வரிசை எண் இல்லை, எடை. மூலக்கூறின் எடையை அளக்கும் அலகு டால்டன். 26 கிலோடால்டன், அதாவது 26,000 டால்டன் எடையுள்ளது கனெக்சின் 26. இதயத்தில் நிறைந்திருப்பது கனெக்சின் 43. மனிதரிடம் இந்தக் குடும்பத்துக்கு 21 ஜீன்கள் உண்டு. எல்லாக் கனெக்சினும் எல்லாக் கனெக்சினோடும் பூட்டிக்கொள்ளாது. வீட்டுச் சாவி பக்கத்து வீட்டுப் பூட்டில் சேராதது போல, வெளிவளையங்கள் பொருந்தினால்தான் சேரும். அதனால் ஒட்டி நிற்கிற இரண்டு செல்கள் குழாய் இருந்தும் பேசிக்கொள்ளாமல் இருக்க முடியும்.

துளை வழியே எது போகும் என்பதை எடையை வைத்து மதிப்பிடலாம். சுமார் 1,000 டால்டன் வரை போகும் என்பது பொதுக்கணக்கு. பொட்டாசியம், சோடியம், கால்சியம் அயனிகள் தாராளமாகப் போகும். குளுக்கோஸ் 180, செய்தி மூலக்கூறான வளைய ஏஎம்பி 329, செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி 507, எல்லாம் போகும். இன்சுலின் 5,808 டால்டன், போகாது. ஹீமோகுளோபின் போன்ற புரதங்களுக்கும் டிஎன்ஏவுக்கும் இடமே இல்லை. ஆக, பக்கத்து செல்லோடு உணவையும் உப்பையும் அவசரச் செய்தியையும் பகிர்ந்துகொள்ளலாம். சொத்துப் பத்திரம் மட்டும் வீட்டைவிட்டுப் போகாது. ஆனால் இந்த 1,000 என்ற எண்ணைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. குழாயின் உட்சுவரிலுள்ள மின்னேற்றம் கனெக்சினுக்குக் கனெக்சின் மாறும். ஒன்றில் எதிரயனிகள் எளிதாகப் போகும், இன்னொன்றில் நேரயனிகள். ஒரே எடையுள்ள இரண்டு மூலக்கூறில் ஒன்று போய் மற்றது நின்றுவிடுவதும் உண்டு. இந்த நுணுக்கம் கீழே காதைப் பற்றிச் சொல்லும்போது வேண்டியிருக்கும்.

இந்தக் குழாய்களை ஒருமுறை கட்டி நிரந்தரமாக விட்டுவைப்பார்கள் என்று நினைக்கத் தோன்றும். கனெக்சின் 43இன் அரை ஆயுள் 1.5 முதல் 5 மணி நேரம்தான். காலையில் இதயத்தில் இருந்த குழாய்களில் பாதியோ அதற்கு மேலோ மத்தியானச் சாப்பாட்டுக்குள் மாறிவிட்டிருக்கும். பத்து முதல் பல்லாயிரம் குழாய் வரை சேர்ந்து ஒரு திட்டாக நிற்கும். புதியவை திட்டின் ஓரத்தில் சேரும், பழையவை நடுவிலிருந்து கழியும். கழிக்கும் முறை விசித்திரம். பூட்டிக்கொண்ட இரண்டு அரைக்குழாய்களைத் திரும்பப் பிரிக்க முடியாது. அதனால் ஒரு செல் தன் சவ்வோடு சேர்த்து அடுத்த செல்லின் சவ்வுத் துண்டையும் பிய்த்து விழுங்கிச் செரித்துவிடும். இவ்வளவு செலவு எதற்கு? எண்ணிக்கையை மணிக்கணக்கில் கூட்டவும் குறைக்கவும் முடிகிறது என்பதற்குத்தான்.

இந்தத் துறை பிறந்த கதையில் ஒரு வேடிக்கை உண்டு. 1950களின் கடைசியில் ஃபர்ஷ்பன், பாட்டர் இருவரும் இறாலுக்குப் பங்காளியான கிரேஃபிஷின் நரம்பில், ஒரு செல்லிலிருந்து அடுத்ததற்கு மின்னோட்டம் நேராகத் தாவுவதை அளந்து காட்டினார்கள். 1964இல் லோவன்ஸ்டீனும் கன்னோவும் பழ ஈ இனம் ஒன்றின் உமிழ்நீர்ச் சுரப்பியில் ஒரு செல்லுக்குள் ஒளிரும் சாயத்தை ஏற்றினார்கள். சாயம் வெளியே கசியாமல் அடுத்த செல்லில் போய் ஒளிர்ந்தது. கனெக்சின் பாடம் இந்த இரண்டு சோதனையிலிருந்துதான் தொடங்கும். ஆனால் கிரேஃபிஷிடமும் ஈயிடமும் கனெக்சின் கிடையாது! முதுகெலும்பற்றவை இன்னெக்சின் என்ற வேறொரு புரதத்தால் இதே வேலையைச் செய்கின்றன. இரண்டுக்கும் அமினோ அமில வரிசையில் உறவில்லை. வேலை ஒன்று, தோற்றமும் கிட்டத்தட்ட ஒன்று. தாவரச் செல்களை இணைக்கும் பிளாஸ்மோடெஸ்மேட்டா மூன்றாவது ஆள். அது செல்சுவரைத் துளைத்துச் சவ்வையே தொடர்ச்சியாக்குவது. தேர்வில் அதையும் இடைவெளி இணைப்பையும் ஒன்றென்று எழுதினால் மதிப்பெண் போகும்.

இனி அடைப்பதற்கு வருவோம். செல்லுக்குள் கால்சியம் 0.1 மைக்ரோமோலார் செறிவில் இருக்கும். வெளியே அதைப்போலப் பத்தாயிரம் மடங்கு. செல் சவ்வு கிழிந்தால் வெளிக்கால்சியம் உள்ளே பாயும். குழாய்கள் மூடிக்கொள்ளும். செல்லில் அமிலத்தன்மை கூடினாலும் மூடும். இரண்டு செல்லுக்கும் இடையே மின்னழுத்த வேறுபாடு அளவு மீறினாலும் பெரும்பாலானவை மூடும். இவை நொடிக்கணக்கில் நடப்பவை. கனெக்சினின் வால்பகுதியில் பாஸ்பேட்டை ஒட்டுவதும் எடுப்பதும் நிமிடக்கணக்கில் நடக்கிற நிதானமான ஒழுங்கு. குழாயைப் பிய்த்து விழுங்குவது மணிக்கணக்கு. ஒரே வாமடைக்கு இத்தனை அடைப்பு.

19ஆம் நூற்றாண்டிலேயே எங்கெல்மான் என்ற ஜெர்மானியர் இதை இதயத்தில் கவனித்துவிட்டார். இதயத் தசையில் ஓரிடத்தில் வெட்டினால் முதலில் காயத்தின் மின்னோட்டம் பக்கத்துத் தசைக்கெல்லாம் பரவும், சற்று நேரத்தில் நின்றுவிடும். செல்கள் சேர்ந்து வாழ்கின்றன, தனித்தனியாகச் சாகின்றன என்பது அவர் எடுத்த முடிவு. குழாய் என்று ஒன்று இருப்பதே தெரியாத காலம் அது.

இதயத்தை இன்னும் கிட்டத்தில் பார்க்கலாம். பாளையங்கோட்டையில் கல்லூரி விலங்கியல் ஆய்வகத்தில் ஆட்டு இதயத்தின் சாயமேற்றிய ஸ்லைடு இருந்தால் 400 மடங்கில் வைத்துப் பாருங்கள். நீளவாக்கில் வெட்டிய தசை இழையில் குறுக்கே மெல்லிய கருங்கோடுகள் படிக்கட்டு போல ஏறி இறங்கும். ‘இடைவட்டத் தட்டு’ என்பது அதுதான். ஒரு செல் முடிந்து அடுத்தது தொடங்கும் எல்லை. படியின் நிமிர்ந்த பக்கத்தில் செல்களைப் பிய்ந்துபோகாமல் தைத்து வைக்கிற பிடிப்புகள் அதிகம். படுத்த பக்கத்தில்தான் இடைவெளி இணைப்புத் திட்டுகள் பெரிதாக இருக்கும். குழாயே கண்ணுக்குத் தெரிந்தது என்று ஆய்வேட்டில் எழுதிவிட வேண்டாம். கல்லூரி நுண்ணோக்கியில் தெரிவது தட்டு மட்டும். குழாய்க்கு எலக்ட்ரான் நுண்ணோக்கி வேண்டும்.

கீழறைத் தசைச்செல் சுமார் 100 மைக்ரோமீட்டர் நீளம். மின்தூண்டல் அங்கே நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் போவதாக எடுத்துக்கொண்டால் நொடிக்கு 5,000 செல், அதாவது ஒரு செல்லைக் கடக்க 0.2 மில்லிநொடி. ஒவ்வொரு எல்லையிலும் நரம்பில் இருப்பது போல வேதிச் சந்தி இருந்திருந்தால் ஒவ்வொன்றிலும் குறைந்தது அரை மில்லிநொடி தாமதம். ஆயிரம் செல் வரிசையில் 0.2 நொடியில் முடிகிற வேலைக்கு 0.7 நொடி ஆகும். நிமிடத்துக்கு 72 முறை துடிக்கிற இதயத்தில் ஒரு துடிப்புக்கே 0.83 நொடிதான். கணக்கு உதைக்கிறதல்லவா?

வேகமும் எல்லா இடத்திலும் ஒன்றாக இல்லை. மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள கணுவில் நொடிக்கு 0.05 மீட்டர், கீழறைகளில் தூண்டலைப் பரப்பும் பர்கின்ஜி இழைகளில் 2 முதல் 4 மீட்டர். கணுவில் செல்கள் சிறியவை, குழாய்கள் குறைவு, இருப்பதும் பெரும்பாலும் மின்கடத்து திறன் குறைந்த கனெக்சின் 45. பர்கின்ஜியில் கனெக்சின் 40 நிறைய. கணுவில் வரும் 0.1 நொடித் தாமதம் குறையில்லை. மேலறை இரத்தத்தைத் தள்ளி முடிக்கும்வரை கீழறை காத்திருப்பதற்கான அவகாசம் அது. கை தசையில் நிலைமை வேறு. வளர்ந்தவரின் எலும்புத் தசை இழைகளுக்கு நடுவே இந்தக் குழாய்களே இல்லை. அதனால்தான் அரிவாள் ஓங்கவும் பூத்தொடுக்கவும் ஒரே கையால் முடிகிறது. எத்தனை இழை வேலை செய்ய வேண்டும் என்பதை நரம்பு ஒவ்வொன்றாக எண்ணிக் கொடுக்கும். இதயத்தில் அந்தப் பேரத்துக்கு இடமில்லை, ஒன்று துடித்தால் எல்லாம் துடிக்கும்.

மாரடைப்பில் நடப்பதைப் பார்த்தால் அடைப்பின் இன்னொரு முகம் தெரியும். இரத்தம் நின்ற பகுதியில் ஏடிபி குறையும், அமிலம் கூடும், கால்சியம் ஏறும். விலங்குகளின் இதயத்தில் அளந்ததில் கால் மணி நேரம் கடந்ததும் குழாய்கள் மூடத் தொடங்குகின்றன. சாகிற செல்லிடமிருந்து பக்கத்துச் செல்லை அது காப்பாற்றுகிறது. ஆனால் மின்தூண்டல் போகிற பாதையில் அங்கங்கே அடைப்பு விழுந்ததால் தூண்டல் சுற்றி வளைத்து மெதுவாகப் போகிறது. அது திரும்பி வருவதற்குள் புறப்பட்ட இடம் மறுபடி தூண்டலுக்குத் தயாராகியிருந்தால், அதே வட்டத்தில் சுற்றிச் சுற்றி வரும். கீழறை நடுக்கம் இப்படித்தான் பிடிக்கிறது. பிழைத்தவர்களின் தழும்பை ஒட்டிய தசையில் கனெக்சின் 43 செல்லின் முனையிலிருந்து விலகிப் பக்கவாட்டில் சிதறிக் கிடக்கும். வாமடை தவறான வரப்பில் வெட்டப்பட்டது போல. வருடங்கள் கழித்து வருகிற துடிப்புக் கோளாறுகளுக்கு இதுவும் ஒரு காரணம்.

கருப்பையில் இதே புரதம் கால அட்டவணை போட்டு வருகிறது. கர்ப்ப காலம் முழுக்கக் கருப்பைத் தசையில் குழாய்கள் மிகக் குறைவு. தசை அங்கங்கே தனித்தனியாகச் சுருங்கினாலும் சேர்ந்து தள்ளாது. புரோஜெஸ்டிரான் அதை அடக்கி வைத்திருக்கிறது. பிரசவம் நெருங்கும்போது ஈஸ்ட்ரோஜனின் கை ஓங்கும், கனெக்சின் 43 வேகமாகக் கூடும், இதுவரை தனித்தனியாக முனகிய தசை ஒரே தசையாகச் சுருங்கும். பொய்வலிக்கும் பிள்ளைவலிக்கும் உள்ள வேறுபாட்டில் இதற்குப் பெரிய பங்குண்டு.

காது கேளாமைதான் கனெக்சினை நம் பக்கத்து வீட்டு விஷயமாக்குவது. பிறவிக் காது கேளாமைக்கு உலகெங்கும் முன்னால் வந்து நிற்கும் ஜீன், கனெக்சின் 26ஐச் செய்கிற ஜிஜேபி2. 1997இல் இந்தத் தொடர்பு வெளிவந்தது. ஐரோப்பியரிடம் அதிகம் காணப்படும் பிழை ஒன்று, கிழக்காசியரிடம் வேறொன்று, இந்தியரிடம் மற்றொன்று. இந்தியாவில் அதிகம் காணப்படுவதில் டிஎன்ஏவில் ஒரே ஓர் எழுத்துதான் மாறுகிறது. 226 அமினோ அமிலம் கொண்ட இந்தப் புரதத்தின் 24ஆம் இடத்தில் டிரிப்டோபானைக் குறிக்கும் டிஜிஜி, டிஏஜி ஆகிவிடுகிறது. டிஏஜி என்றால் ‘நிறுத்து’. பத்தில் ஒரு பங்கு நெய்ததும் தறி நின்றுவிடுகிறது. கிடைத்த துண்டு எதற்கும் உதவாது.

உட்காதின் நத்தைக்கூட்டில் ஒலியை உணர்வது மயிர்ச்செல்கள். அவற்றுக்கு இடைவெளி இணைப்பு கிடையாது. சுற்றி நின்று தாங்குகிற செல்களுக்குத்தான் உண்டு. மயிர்ச்செல்லின் மேல்புறத் திரவத்தில் பொட்டாசியம் 150 மில்லிமோலார், அங்கே +80 மில்லிவோல்ட். இரண்டும் உடலின் வேறெந்த வெளித்திரவத்திலும் காணாத அளவு. ஒலி வந்ததும் பொட்டாசியம் மயிர்ச்செல்லுக்குள் பாய்ந்து கீழ்வழியே வெளியேறும். தாங்கு செல்கள் அதை வாங்கி, கைமாற்றிக் கைமாற்றித் திரும்ப மேல்திரவத்துக்கே அனுப்பும். கனெக்சின் 26உம் 30உம் இல்லாவிட்டால் இந்தச் சுற்று அறுந்துபோகும் என்பது நெடுநாளாகச் சொல்லப்பட்டு வரும் விளக்கம். அதில் ஓட்டை இருக்கிறது. கனெக்சின் 26இல் ஏற்படும் சில பிழைகளில் பொட்டாசியம் தடையில்லாமல் போகிறது. ஐபி3 என்ற செய்தி மூலக்கூறு மட்டும் நிற்கிறது. அந்தப் பிழை உள்ளவருக்கும் காது கேட்பதில்லை. எலிகளில் கனெக்சின் 26ஐ நீக்கினால் உட்காது வளரும்போதே உருக்குலைகிறது. பொட்டாசியக் கழிவு தேங்கியதால் மட்டும் கேடு என்று இன்னமும் ஒற்றை வரியில் சொல்லிக்கொடுப்பது சரியில்லை.

இது ஒடுங்கு பண்பு. இரண்டு பிரதியும் பழுதானால்தான் குழந்தைக்குக் கேட்காது. பெற்றோர் இருவரும் ஒரு பழுதுப் பிரதியோடு நன்றாகக் கேட்பவர்களாக இருப்பார்கள். அப்படிப்பட்ட தம்பதிக்கு ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, அடுத்த மூன்றும் தப்பும் என்று கணக்குப் போடுவது தவறு. ஒவ்வொரு முறையும் அதே நான்கில் ஒன்று. சொந்தத்தில் கட்டுவது திருநெல்வேலிச் சீமையில் புதிதில்லை. பழுதுப் பிரதி உள்ள ஒருவர் அக்காள் மகளைக் கட்டினால், அவளிடமும் அதே பிரதி இருக்க நான்கில் ஒன்று. பிள்ளைக்கு வர 16இல் ஒன்று. அத்தை மகளையோ மாமன் மகளையோ கட்டினால் அவளிடம் இருக்க எட்டில் ஒன்று, பிள்ளைக்கு 32இல் ஒன்று. தலைமுறை தலைமுறையாக அதே வீடுகளுக்குள் கொடுத்து வாங்கியிருந்தால் இந்த எண்கள் இன்னும் ஏறும். யாரிடம் குறை என்று சம்பந்தி வீட்டில் சண்டை போடுவதற்கு இதில் இடமே இல்லை, இரண்டு பக்கத்திலிருந்தும் ஒவ்வொன்று வந்தால்தான் கணக்கே ஆகும்.

பாளையங்கோட்டையில் காது கேளாதோருக்கான பிளாரன்ஸ் சுவைன்சன் பள்ளி 19ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளிலேயே தொடங்கிவிட்டது. அன்று கண்டுபிடிக்க வழியில்லை, இன்று இருக்கிறது. பிறந்த ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிசெய்தல், ஆறு மாதத்துக்குள் உதவி. இதுதான் பின்பற்றப்படும் வரிசை. முதற்சோதனை ஓஏஇ, அதாவது ஒலிக்கு உட்காது திருப்பி எழுப்பும் மெல்லொலியை அளப்பது; குழந்தை தூங்கும்போது காதில் சின்ன முனையை வைத்து நிமிடங்களில் முடியும். சந்தேகம் இருந்தால், செவி நரம்பும் மூளைத்தண்டும் ஒலிக்கு எழுப்பும் மின்னலைகளை அளக்கும் பெரா. வீட்டில் தட்டைத் தட்டிப் பார்த்து ‘திரும்புகிறான், கேட்கிறது’ என்று முடிவு கட்டக் கூடாது. குழந்தை அதிர்வுக்கும் நிழலுக்கும் திரும்பும். இன்னொன்று: ஜிஜேபி2 பழுதுள்ள குழந்தைகளில் சிலர் பிறந்தவுடன் செய்த சோதனையில் தேறி, பின்னர் கேட்கும் திறன் குறைந்ததும் பதிவாகியிருக்கிறது. ஒன்றரை வயதிலும் பேச்சு வரவில்லை என்றால் பழைய சீட்டைக் காட்டாமல் மறுபடி சோதிப்பதே சரி. கனெக்சின் பழுதில் செவி நரம்பு பெரும்பாலும் நன்றாகவே இருப்பதால், அந்த நரம்பை நேராகத் தூண்டும்படி உட்காதில் பொருத்தும் காக்ளியர் இம்பிளான்ட் கருவி நல்ல பலன் தருகிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சிறு குழந்தைகளுக்கு அந்த அறுவைச் சிகிச்சை சேர்ந்திருக்கிறது. நாள் தள்ளத் தள்ளப் பலன் குறையும், மூளையின் கேட்கும் பகுதி யாருக்காகவும் காத்திருக்காது.

கண் வில்லையைப் பற்றிச் சுருக்கமாக. வில்லைக்குள் இரத்தக்குழாய் ஓடினால் பார்வை மறையும். அதனால் ஒன்றுகூட இல்லை. உள்ளே இருக்கும் செல்களுக்குச் சாப்பாடு வெளிச்செல்கள் வழியாகக் கைமாறித்தான் போக வேண்டும். கனெக்சின் 46, 50 அந்த வேலையைப் பார்க்கின்றன. இவற்றின் ஜீனில் பழுது இருந்தால் பிறவியிலேயே கண்புரை வருகிறது. முதியவருக்கு வரும் புரையோடு அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இவ்வளவும் எப்படித் தெரிந்தது என்றால், பெரும்பாலும் சாயத்தை வைத்துத்தான். எளிய வகை, கீறிச் சாயமேற்றுவது. 35 மில்லிமீட்டர் தட்டில் செல்களை இடைவெளியில்லாமல் ஒட்டி நிறையும்வரை வளர்க்க வேண்டும். கால்சியம், மெக்னீசியம் உள்ள உப்புக்கரைசலால் மூன்று முறை கழுவி, லூசிஃபர் எல்லோ என்ற மஞ்சளாக ஒளிரும் சாயத்தின் 0.05 சதவீதக் கரைசலை ஊற்றி, புதிய சர்ஜிகல் பிளேடால் ஒரே இழுப்பில் கீற வேண்டும். கீறிய ஓரத்துச் செல்கள் ஒரு கணம் திறந்து சாயத்தைக் குடித்து மூடிக்கொள்ளும். சில நிமிடம் பொறுத்துச் சாயத்தைக் கழுவி, 4 சதவீத பாராபார்மால்டிஹைடில் நிலைநிறுத்தி, ஒளிர் நுண்ணோக்கியில் கீறலிலிருந்து எத்தனை வரிசை தள்ளி மஞ்சள் போயிருக்கிறது என்று எண்ணலாம். லூசிஃபர் எல்லோ சுமார் 450 டால்டன். குழாய் வழியே போகும். கூடவே ரோடமின் டெக்ஸ்ட்ரான் என்ற 10,000 டால்டன் சிவப்புச் சாயத்தையும் கலந்துவிட வேண்டும். அது குழாயில் போகாது. சிவப்பு முதல் வரிசையில் நின்று மஞ்சள் மட்டும் உள்ளே போயிருந்தால் விடை நம்பத்தக்கது. சிவப்பும் உள்ளே போயிருந்தால் செல்கள் கிழிந்திருக்கின்றன. அந்தத் தட்டைத் தூக்கிப் போடுங்கள்.

கெட்டுப்போவது பெரும்பாலும் மூன்று இடத்தில். தட்டு நிறையவில்லை, செல்லுக்குப் பக்கத்துச் செல்லே இல்லை. சாயம் நின்றதைப் பார்த்துக் குழாய் மூடியிருக்கிறது என்று எழுதிவிடுவார்கள். பிளேடு மழுங்கல், கீறலுக்குப் பதிலாகச் செல் விரிப்பே பாய் போலச் சுருண்டு வரும். மூன்றாவதுதான் ஏமாற்றுவது: கழுவும் கரைசலில் கால்சியம் சேர்க்க மறந்திருப்பார்கள். பக்கத்துச் செல்லோடு பூட்டாத அரைக்குழாய்கள் சவ்வில் எப்போதும் கொஞ்சம் உண்டு. வெளியே கால்சியம் இருக்கும்வரை அவை மூடியிருக்கும். கால்சியம் இல்லாவிட்டால் வெளிப்பக்கமாகத் திறந்து சாயத்தைக் குடித்துவிடும். தட்டு முழுக்க மஞ்சளாகத் தெரியும். பக்கத்துச் செல் கொடுத்தது எது, வெளியிலிருந்து குடித்தது எது என்று பிரிக்க வழியிருக்காது.

குழாயை வேண்டுமென்றே மூடிப் பார்க்கவும் பொருள்கள் உண்டு. அவற்றில் ஒன்று நாட்டுமருந்துக் கடையில் கிடைக்கும் அதிமதுரத்தின் வழி வந்தது. அதிலுள்ள கிளிசிரைசினிலிருந்து கிடைக்கும் கிளிசிரெட்டினிக் அமிலமும், அதிலிருந்து செய்த கார்பெனாக்சோலோனும் ஆய்வகங்களில் வழக்கமாகப் பயன்படும் அடைப்புப் பொருள்கள். அதற்காக அதிமதுரக் கஷாயம் குடித்தால் இதயத்துக் குழாய் அடைபடும் என்று பயப்பட வேண்டியதில்லை. தட்டில் ஊற்றும் செறிவு வேறு. அளவுமீறி நெடுநாள் சாப்பிட்டால் இரத்த அழுத்தம் ஏறுவது உண்மைதான்; அது சிறுநீரகத்தில் கார்ட்டிசால் வழியாக நடப்பது, குழாய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கார்பெனாக்சோலோன் வேறு சில சேனல்களையும் தொடும் என்பதால், அது ஒன்றை மட்டும் வைத்து ‘கனெக்சின்தான் காரணம்’ என்று எழுதிய முடிவுகளைச் சற்றுத் தள்ளி வைத்தே படிக்க வேண்டும்.

சர்க்கரை நோய்ப் புண் ஆறாமல் இழுத்தடிப்பதிலும் இந்த அடைப்பு வருகிறது. தோல் வெட்டுப்பட்டால் ஓரத்துச் செல்கள் அண்டைச் செல்களை விட்டுப் பிரிந்து புண்ணின் மேல் ஊர்ந்து மூட வேண்டும். பிடித்த கையை விட்டால்தானே நடக்க முடியும்? நல்ல தோலில் ஓரிரண்டு நாளுக்குள் புண்ணின் ஓரத்தில் கனெக்சின் 43 குறைந்துவிடுகிறது. சர்க்கரை நோயுள்ள எலிகளில் அது குறையாமல் முதலில் கூடுகிறது. ஓரத்துச் செல்கள் ஊராமல் அங்கேயே குவிந்து தடிக்கின்றன. கனெக்சின் 43 உற்பத்தியைத் தற்காலிகமாக நிறுத்தும் மருந்தை ஜெல்லில் கலந்து அந்த எலிகளின் புண்ணில் தடவியபோது, செல்கள் நல்ல எலியின் தோலில் ஊர்வது போலவே ஊரத் தொடங்கின.